பெயர் தைக்காத கொடித்துணி

வலது கை மெசினின் சக்கரத்தைச் சுற்றியது; இடது கை துணியை நகர்த்திக் கொடுத்தது. ஒரு சுற்றுக்கு ஒரு தையல். ஊசி இறங்கும்போது கட்டைவிரல் மடிப்பை அழுத்திப் பிடித்தது, ஏறும்போது விட்டது. லொறியை மூடிக்கட்டுகிற படங்கு தைப்பதற்கென்று செய்த கனத்த மெசின் அது. மோட்டார் ஓடினால் ஒரு மூச்சில் முழு நீளத்தையும் தைத்துத் தள்ளிவிடும். இப்போது மோட்டார் ஓடவில்லை. அறையில் மின்சாரம் இல்லை, அதனால் வெப்பமும் இல்லை. ஜன்னலால் வந்த ஏப்ரல் வெளிச்சம் மட்டும் செம்மஞ்சள் துணியின் மேல் கிடந்தது. விரல்கள் விறைத்தபோது கைகள் இரண்டும் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டு மறுபடியும் வேலைக்குப் போயின.

துணி மிகவும் நீளம். மேசையிலிருந்து இறங்கி, ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டிருந்த கதிரைகளின் மேல் ஏறி, அறையைச் சுற்றி வந்து கதவடியில் போய் நின்றது. நிலத்தில் ஓரிடத்திலும் படவில்லை. படக்கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கதிரைகள். முற்றத்தில் நிற்கிற கொடிமரத்துக்கு அடியிலிருந்து நுனிவரை சட்டைபோல மாட்டுகிற உறை அது. சீக்கியர்கள் அந்தக் கொடிமரத்தை நிஷான் சாகிப் என்று மரியாதையாகச் சொல்வார்கள். வருடத்துக்கு ஒரு தடவை, வைசாக்கித் திருநாளில், மரத்தைச் சாய்த்து, பழைய உறையைக் கழற்றி, பாலும் தண்ணீரும் விட்டுக் கழுவி, புதிய உறையை மாட்டி நிமிர்த்துவார்கள். மறுநாள் வைசாக்கி.

தைத்துக்கொண்டிருந்தவள் தங்கமலர். சீக்கியப் பெண் அல்ல, யாழ்ப்பாணத்துக்காரி. டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் நகரத்தின் துறைமுகப் பக்கமாக இருக்கிற அந்தக் குருத்வாராவின் பக்கவாட்டு அறையில் படங்கு தைத்துப் பிழைக்கிறவள். மின்சாரத்தை நிறுத்தியவன் பர்மிந்தர் சிங். குருத்வாராக் கட்டடம் தகப்பனிடமிருந்து தனக்கு வந்த சொத்து என்று சொல்கிறவன். இல்லை, அது கும்பிட வருகிற எல்லோருக்கும் பொதுவான தர்மச் சொத்து என்று சபையார் போட்ட வழக்கு நீதிமன்றத்தில் நடந்து முடிந்து, தீர்ப்புக்காகக் காத்திருந்தது.

அந்த வழக்குக்குள் ஒரு தமிழ்ப் பெண் எப்படிப் போனாள் என்றால், ஒரு பெயரைத் தைத்ததால்.

தங்கமலர் எண்பதுகளின் கடைசியில் டென்மார்க்குக்கு வந்தாள். முதல் வேலை பிராண்டே என்ற ஊரில், உடுப்புத் தைக்கிற தொழிற்சாலை ஒன்றில். டெனிஷ் மொழியை வகுப்பில் படித்ததைவிடப் பக்கத்து மெசின்காரிகளிடம் பிடித்ததுதான் அதிகம். அதனால் அவள் பேசுவது வாய்க்குள் பாதியை விழுங்குகிற, நாட்டின் மேற்குப் பக்கத்துக் கட்டை யூலாந்து டெனிஷ். கொப்பன்ஹேகன்காரர் யாராவது வந்தால் அவள் சொல்வதை இரண்டு தரம் கேட்பார்கள். தொழிற்சாலை போலந்துக்குப் போனது. அவள் போகவில்லை. கணவன் சபாரத்தினத்துக்கு ஹோர்சன்ஸில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை கிடைக்க, அவளும் வந்து ஒரு படங்குப் பட்டறையில் சேர்ந்தாள்.

அங்கே அவளுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. கிழிந்து வருகிற படங்குகளைப் பிரித்துப் பார்த்தே பழகினாள். எங்கே கிழிந்திருக்கிறது என்று பார்த்தால் காற்று எந்தப் பக்கத்தால் புகுந்தது என்று தெரிந்துவிடும். தைத்தவன் எந்த இடத்தில் அவசரப்பட்டான் என்பதும் தெரிந்துவிடும். பட்டறை முதலாளி வயதுபோய்க் கதவை மூடியபோது, நினைவுப் பரிசாக என்ன வேண்டும் என்று கேட்டார். மற்றவர்கள் பூங்கொத்தும் மதுப்போத்தலும் வாங்கிக்கொண்டு போனார்கள். தங்கமலர் தான் இருந்து தைத்த மெசினைக் கேட்டாள்.

மெசின் கிடைத்தது, வைக்க இடம் கிடைக்கவில்லை. மாடி வீட்டின் தரை அதைத் தாங்காது. சபாரத்தினம் அதை வாசலில் பார்த்துவிட்டு, யானையை வாங்கிக்கொண்டு வந்த மாதிரி இருக்கிறது என்றார்.

அந்த நேரத்தில் வந்து கைகொடுத்தவர் குர்மேல் சிங். லொறி ஓட்டுநர், எழுபதுகளில் வேலைக்கென்று வந்தவர். அவருடைய லொறியின் படங்கு கிழிந்தால் பட்டறைக்கு வந்து, மற்றவர்களைத் தாண்டி, தங்கமலரின் மேசையில்தான் கொண்டுவந்து போடுவார். எங்கள் குருத்வாராவில் ஒரு பக்கத்து அறை சும்மா கிடக்கிறது, சீமெந்துத் தரை, எத்தனை யானையையும் தாங்கும் என்றார். ஆனால் அறையை அவர் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்தபின் எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்று கேட்டார். இந்தத் தங்கை இங்கே இருந்து தன் தொழிலைச் செய்யட்டும், வாடகை வேண்டாம், பதிலுக்குக் குருத்வாராவின் துணி வேலைகளைப் பார்த்துக்கொள்வாள், சம்மதமா என்று. அவர்கள் கையை உயர்த்தி வாக்கெடுக்கவில்லை. ஒருவர் முழக்கத்தை எடுக்க, எல்லோரும் ஒரே குரலில் "சத் ஸ்ரீ அகால்" என்று முடித்தார்கள். கடைசி வரிசையில் முக்காட்டோடு இருந்த தங்கமலருக்கு நெஞ்சுக்குள் அதிர்ந்தது. கையெழுத்து ஒன்றும் இல்லை. அந்தச் சத்தம்தான் சம்மதம்.

இந்த நாட்டுக்கு வந்து அவள் தன் கையால் பூட்டித் திறந்த முதல் கதவு அது. வீட்டுக் கதவு எல்லோருடையது. தொழிற்சாலைக் கதவு முதலாளியுடையது. இந்த அறைக்குள் அவளுடைய மெசின், அவளுடைய மேசை, அவளுடைய தேநீர்க் கேத்தல். லொறிக்காரர்களும் படகுக்காரர்களும் அவளைத் தேடி வந்தார்கள்.

முதல் வருடம் வைசாக்கி வந்தது. இந்தியாவிலிருந்து வருவிக்கிற உறைகள் மேற்குக் காற்றுக்கு நிற்பதில்லை, மாரி முடிய முன்பே நார்நாராகப் போய்விடுகின்றன என்று சபையார் குறைப்பட்டார்கள். தங்கமலர் பழைய உறையை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். ஒற்றைத் தையல். மடிப்பு இல்லை. அவள் கனமான துணி எடுத்து, ஓரத்தை ஓரத்துக்குள் மடித்துவிட்டு, படங்குக்குப் போடுகிற இரட்டைத் தையல் போட்டாள். மேல்பக்கத்தால் காற்று புகுந்து வீங்காமல் நுனியை ஒடுக்கினாள். வேலை நன்றாக வந்துவிட்ட சந்தோசத்தில் ஒரு காரியம் செய்தாள். யாழ்ப்பாணத்துக்காரர் மட்டும் செய்யக்கூடிய காரியம்.

துணி வாங்கிக் கொடுத்தவர் குர்மேல் சிங். எங்கள் ஊர்க் கோயில்களில் எதையாவது கொடுத்தவரின் பெயர் அதில் இல்லாமல் இருக்காது. தண்ணி வாளியின் வயிற்றில் உபயகாரரின் பெயர் இருக்கும். சக்கரைப்பொங்கல் அகப்பையின் காம்பில் அவர் தகப்பனின் பெயரும் சேர்ந்து இருக்கும். பெயர் போடாவிட்டால் கொடுத்தவரை அவமதித்த மாதிரி. ஆகவே உறையின் கீழ் விளிம்பைச் சுற்றி, வெள்ளை நூலால், நல்ல பெரிய எழுத்தில், வழங்கியவர் குர்மேல் சிங் என்று டெனிஷில் தைத்துவைத்தாள். அவர் வந்ததும் விளிம்பை விரித்துக் காட்டினாள்.

அவர் வாசித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தையல் பிரிக்கிற முள்ளைக் கேட்டு வாங்கினார். தங்கமலர் பதறிப்போய், எழுத்துப் பிழையோ, தானே திருத்தித் தருகிறேன் என்றாள். அவர் முள்ளைக் கொடுக்கவில்லை. என்ஜின் சுட்டுத் தழும்பேறிய தடித்த விரல்களால் தன் பெயரைத் தானே, எழுத்தெழுத்தாகப் பிரித்தார்.

"இது கூடாது, சிஸ்டர்," என்றார் டெனிஷில், பிரித்துக்கொண்டே. "கட்டடத்தின்ரை உறுதிப் பத்திரத்திலை என்ரை பேர் இருக்கு. அண்டைக்குப் பதியிற இடத்திலை ஒரு ஆளின்ரை பேர் வேணும் எண்டவை. எங்கட சங்கம் அப்ப பதிஞ்சிருக்கேல்லை. சரி, பிறகு மாத்துவம் எண்டு என்ரை பேரைக் குடுத்தம். அந்தப் பிழை ஒண்டு போதும். இதிலையும் என்ரை பேர் வேண்டாம்."

பிறகு மாற்றுவோம் என்றார்களே தவிர ஒருவரும் மாற்றவில்லை. சங்கம் பதிவானது, உறுதி அப்படியே கிடந்தது. அவரிடம் போய் பெயரை மாற்றித் தாருங்கள் என்று கேட்டால், அந்த மனிதனில் நம்பிக்கை இல்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். அவரும் நாளை பார்க்கலாம் என்று விட்டார். ஒரு மாரியில் அவர் நெஞ்சு நின்றுபோனது. மயானத்துக்குப் போன வாகனங்களின் வரிசை துறைமுகம்வரை நீண்டது. உறுதியை அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை.

நினைத்தது பிறகு அவருடைய மகன் பர்மிந்தர். அவனுக்குக் கார் விற்கிற தொழில். அது நன்றாகப் போகவில்லை. துறைமுகத்தின் பழைய பண்டகசாலைகளை இடித்துக் கடலைப் பார்த்த மாடிவீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையில் அடுத்தது குருத்வாரா. வாங்குவதற்கு ஆள் வந்துவிட்டது. பர்மிந்தர் வெளிக்கதவின் பூட்டை மாற்றினான். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னுடைய அனுமதியோடு விருந்தாளிகளாக வந்துபோகலாம் என்று அறிவித்தான். லங்கர் என்கிற பொதுச் சமையலில் முப்பது வருடமாக வெங்காயம் உரித்த நசீப் கௌர் என்ற கிழவிக்கு இதை மகன் பஞ்சாபியில் விளக்கிச் சொன்னபோது, யாருடைய வீட்டில் யார் விருந்தாளி என்று கேட்டுவிட்டு அவள் வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தாளாம். சங்கம் வழக்குப் போட்டது.

சங்கத்தின் வக்கீல் மெட்டா என்ற டெனிஷ்காரி. குர்மேல் சிங் கட்டடம் தன்னுடையதல்ல என்று வெளி ஆள் யாரிடமாவது சொன்னதுண்டா என்று அவள் விசாரித்தபோது, தங்கமலர் அந்த முள்ளின் கதையைச் சொன்னாள். மெட்டா பேனையை வைத்துவிட்டு, இதை நீதிமன்றத்தில் சொல்வீர்களா என்று கேட்டாள். தங்கமலர் ஓம் என்றாள்.

இது பர்மிந்தரின் காதுக்குப் போனது. தை மாதத்தில் ஒருநாள் பேக்கரிப் பெட்டி ஒன்றோடு அவன் அறைக்கு வந்தான். மெசினுக்கு அருகில் கதிரையை இழுத்துப்போட்ட விதம் அப்படியே தகப்பன். அவளுக்கு ஒரு கணம் மனம் இளகியது. டெனிஷில்தான் பேசினான், ஆனாலும் அவளை ஆன்ரி என்றுதான் கூப்பிடுவான்.

இந்தக் கூரையை அப்பா தன் கையால் போட்டவர் என்றான். ஒவ்வொரு சனிக்கிழமையும் இங்கேயே கிடப்பார், என் காற்பந்து விளையாட்டு ஒன்றைக்கூட வந்து பார்த்ததில்லை என்றான். அவன் பொய் சொல்லவில்லை என்று தங்கமலருக்குத் தெரியும். அவள் கேத்தலைப் போட்டாள்.

"ஆன்ரி, இந்த அறை உங்கடதான்," என்றான் தேநீரைக் கையில் வாங்கிக்கொண்டு. "வாங்கிற ஆக்களோடை கதைச்சிட்டன். புதுக் கட்டடத்திலை கீழ்த்தட்டிலை இதைவிடப் பெரிய அறை. உங்கட காலம் முழுக்க. எழுதித் தாறன். நீங்கள் கோட்டுக்கு வராமல் விட்டால் சரி."

"வந்தால்?"

"வந்தால் நான் என்ன செய்யிறது? என்ரை கட்டடத்துக்கு எதிராக் கதைக்கிற ஆளை என்ரை கட்டடத்திலை வைச்சிருக்க ஏலுமோ?"

"உங்கட அப்பா தந்த அறை இல்லைத் தம்பி இது. அவர் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தவர். தந்தது அங்கை இருந்த எல்லாரும். தந்தவை சொல்லட்டும், போறன்."

அவன் தேநீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தான். பேக்கரிப் பெட்டியை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. வெளியே பனிக்குளிரில் நின்ற ஒரு லொறிக்காரனுக்கு முழுவதையும் கொடுத்தாள்.

வீட்டில் அவளுக்கு ஆதரவு இல்லை. மகள் துஷாரா ஓகுஸ் நகரத்தில் அலுவலக வேலை பார்க்கிறவள். அம்மா தமிழில் சொல்லச் சொல்ல அவள் டெனிஷில் பதில் சொன்னாள்: இது உங்களுடைய வழக்கு இல்லை, உங்களுடைய மதமும் இல்லை, அறுபது வயதில் இன்னொரு இடம் தேடி அலையப்போகிறீர்களா? சபாரத்தினம் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

"இஞ்சேரும், உமக்கு அந்த அறை வேணுமோ வேண்டாமோ?"

"வேணும்."

"அப்ப வாயை மூடிக்கொண்டு இருந்தால் என்ன? அந்தாள் செத்துப்போச்சு. அவர் சொன்னதைக் கேட்டது நீர் ஒராள்தானே."

"அதுதானே. நானும் சொல்லாட்டில் அவர் சொன்னதே இல்லை எண்டாகிப்போம்."

சபாரத்தினம் தொலைக்காட்சியின் பக்கம் திரும்பினார். பிறகு, அந்த யானையை இனி எங்கே கட்டப்போகிறீர் என்று கேட்டுவிட்டுத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். ஆனால் வழக்கன்று காரை எடுத்துக்கொண்டு வந்தவர் அவர்தான். ஆட்கள் பார்க்கிற இடம், நல்ல கோட்டைப் போடும் என்றும் அவர்தான் சொன்னார்.

நீதிபதி ஓர் இளம் பெண். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று மரியாதையாகக் கேட்டார். தங்கமலர் தன் யூலாந்து டெனிஷில், வேண்டாம், எனக்கு விளங்காத இடத்தில் நானே கேட்கிறேன், உங்களுக்கு விளங்காத இடத்தில் நீங்கள் கேளுங்கள் என்றாள். நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினார்.

அவள் சொன்னாள். அறையைக் கேட்ட ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னாள். அவர்கள் எப்படிச் சம்மதித்தார்கள் என்று மெட்டா கேட்டபோது, கத்தினார்கள் என்றாள். பின்வரிசையில் இருந்த தலைப்பாகைகள் அசைந்தன. பிறகு வெள்ளை நூலில் தைத்த பெயரைச் சொன்னாள். எங்கள் ஆட்களுக்கு எதிலும் பெயர் போடாவிட்டால் நித்திரை வராது, அந்தப் பழக்கத்தில் செய்தேன் என்றாள். குர்மேல் சிங் முள்ளைப் பிடித்த விதத்தையும், ஆட்காட்டி விரலில் இருந்த தழும்பையும், அவர் சொன்ன வார்த்தைகளையும், கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். தழும்பு என்றதும் பர்மிந்தர் தலையைக் குனிந்துகொண்டான்.

பர்மிந்தரின் வக்கீல் எழுந்தார். நல்ல குரல், நல்ல காலணி.

"அந்தத் துணி இப்போது எங்கே?"

"காத்து திண்டிட்டுது. ஒரு மாரி முழுக்க நிண்டது. அதுவே பெரிய காரியம்."

"அதாவது, ஆதாரம் இல்லை."

"நான் நிக்கிறன்தானே."

அவர் தாளைப் புரட்டினார். அறைக்கு வாடகை கொடுக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றாள். எப்போதாவது கொடுத்தீர்களா என்றார். ஒருநாளும் இல்லை என்றாள். சங்கம் தோற்றால் அந்த இலவச அறை போய்விடும், ஆகவே சங்கம் வெல்லவேண்டும் என்பது உங்கள் சொந்த நன்மை, சரிதானே என்றார் அவர். தங்கமலர் கேள்வியை ஒருமுறை மனதுக்குள் பிரித்துப் பார்த்தாள். எந்தப் பக்கத்தால் காற்று புகுகிறது என்று தெரிந்தது.

"வாயைத் திறக்காமல் இருந்தால் காலம் முழுக்க அறை தாறன் எண்டு உங்கட ஆள் வந்து சொன்னவர். இப்ப இருக்கிறதிலும் பெரிய அறை. இஞ்சை வந்து கதைக்கிறபடியால்தான் எனக்கு அது இல்லாமல் போகப்போகுது. நன்மையைப் பாத்திருந்தால் நான் இப்ப வீட்டிலை."

வக்கீல் பர்மிந்தரைப் பார்த்தார். அவன் மறுக்கவில்லை.

"குர்மேல் சிங் உங்களிடம் வாடகை கேட்காதது அவருடைய தாராள மனது. சொந்தக்காரர்கள் சிலவேளை தாராளமாக இருப்பார்கள்."

"ஓம். தாராளமான மனுசன்தான். அதுதான் மற்ற ஆக்களின்ரை சாமானைத் தன்ரை எண்டு ஒருநாளும் சொல்லேல்லை."

தீர்ப்பு வைசாக்கிக்குப் பிறகு என்று திகதி குறித்தார்கள்.

அதற்குள் பர்மிந்தரிடமிருந்து ஆள் வந்து அறையைக் காலி செய்யச் சொன்னான். தங்கமலர் அதே பதிலைச் சொன்னாள்: தந்தவர்கள் சொல்லட்டும். ஆள் மறுபடி வந்தான். அவளும் அதையே மறுபடி சொன்னாள். பிறகு ஒரு காலை அவள் வந்து சுவிட்சை அழுத்தினால் விளக்கு எரியவில்லை. பியூஸ் பெட்டி வெளிக்கதவுக்கு உள்ளே, பர்மிந்தரின் பூட்டுக்குப் பின்னால். துஷாரா இதைக் கேட்டதும், அதுவரை வேண்டாம் வேண்டாம் என்றவள், பொலிசுக்குப் போவோம், இப்படிச் செய்ய அவனுக்கு உரிமை கிடையாது என்று தொலைபேசியில் கத்தினாள். முறைப்பாடு செய், ஆனால் நான் வரமாட்டேன், உறை முடியவேணும் என்றாள் தாய். லொறிக்காரர்களின் வேலையைத் திருப்பி அனுப்பினாள். உறையை மட்டும் மேசையில் போட்டு, மோட்டாரின் பட்டியைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றத் தொடங்கினாள். சபையார் சிலர் வந்து, இந்த வருடம் கடையில் வாங்கிக்கொள்ளலாம், கையை வருத்தவேண்டாம் என்றார்கள். இந்த மெசினில் தையல் விழுகிறவரை கடையில் ஒருவரும் ஒன்றும் வாங்கக்கூடாது என்றாள். அவர்கள் போனபிறகுதான் தோள்மூட்டை அமத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

கடைசித் தையல் விழுந்தது. நூலை வெட்டி, முனையை மடிப்புக்குள் தள்ளி மறைத்தாள்.

வைசாக்கி அந்த வருடம் சித்திரை வருடப்பிறப்போடு ஒரே நாளில் வந்தது. கோயிலுக்குப் போகவேண்டும் என்று வேட்டி கட்டிய சபாரத்தினம், பிறகு போகலாம் என்று அவளோடு வந்தார். இரவு பெய்த பனி உருகி முற்றம் சேறாகிக் கிடந்தது. யூலாந்தின் எல்லா ஊர்களிலிருந்தும் சனம் வந்திருந்தது. பால் கான்கள், வாளிகள், தலையை மூடிய குழந்தைகள். ஒருவரும் உள்ளே போகவில்லை, வெளியேயும் போகவில்லை. கொடிமரத்தைச் சாய்க்கிற அச்சாணியில் புதிதாக ஒரு பூட்டு தொங்கியது.

பூட்டின் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு பர்மிந்தர் அவளுடைய அறை வாசலில் நின்றான். நித்திரை இல்லாத முகம். சனம் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அவன் குரலைத் தாழ்த்தினான்.

"ஆன்ரி, ஒரேயொரு விசயம். வழக்குக்காக இல்லை. அப்பாவின்ரை பேரை இதிலை தைச்சுத் தாங்கோ. உள்பக்கமா எண்டாலும் பரவாயில்லை, ஒருத்தருக்கும் தெரியாது. தைச்சால் பூட்டைத் திறக்கிறன். உங்கட கரண்டும் வரும். அறையைப் பற்றியும் இனிக் கதைக்கமாட்டன்."

ஊசியில் நூல் இன்னும் கோத்தபடியே இருந்தது. இரண்டே சொல். சக்கரத்தை அரைமணி நேரம் சுற்றினால் முடிந்துவிடும். அவன் கண்ணில் இருந்தது கள்ளம் இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. மெசினைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள், கேத்தலைப் பார்த்தாள்.

மேசை லாச்சியைத் திறந்து தையல் பிரிக்கிற முள்ளை எடுத்து அவனுடைய மற்றக் கையில் வைத்தாள்.

"இது உங்கட அப்பா பிடிச்ச முள்ளு. நான் தைச்சால் ஆரும் ஒராள் பிரிக்கவேணும். அவர் இல்லை. நீங்கள் இருந்து பிரிப்பீங்களோ, தம்பி? சொல்லுங்கோ, தைக்கிறன்."

அவன் முள்ளைப் பார்த்தபடி நின்றான். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வாசலுக்கு வந்து நசீப் கௌரைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். இருவருக்கும் பொதுவான மொழி ஒன்றும் இல்லை. இத்தனை வருடமும் கைகளாலேயே கதைத்தவர்கள். கிழவி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, உறையின் கீழ் விளிம்பை இரண்டு கையிலும் வாங்கினாள். வாங்கியதும், ஒவ்வொரு வருடமும் செய்வதுபோல, கட்டைவிரலை விளிம்பு முழுவதும் சுற்றி ஓட்டிப் பார்த்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. துணியை நெற்றியில் ஒற்றிக்கொண்டு, பூட்டுப் போட்ட மரத்தை நோக்கி, பூட்டு அங்கே இல்லாததுபோல நடக்கத் தொடங்கினாள்.

பின்னால் துணி வந்துகொண்டே இருந்தது. தங்கமலர் கதிரை கதிரையாக எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, சேற்றில் படாமல் ஒருவர்பின் ஒருவராகக் கையேந்தி வாங்கிக்கொண்டு முன்னே போனார்கள். நசீப் கௌரின் மகன் வாங்கினான். பால் கானைக் கீழே வைத்துவிட்டு ஒருத்தி வாங்கினாள். சபாரத்தினம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓரிடத்தில் தோள் கொடுத்தார். வரிசை முற்றத்தைக் கடந்து மரத்தடியைத் தொட்டது. அறைக்குள் கடைசிக் கதிரையும் வெறுமையானது.

தங்கமலரின் கையில் மிஞ்சியது ஒடுக்கித் தைத்த நுனி மட்டும். வாசலில் வாங்குவதற்கு ஆள் இல்லை. எல்லோரும் துணியோடு முன்னே போய்விட்டார்கள். பர்மிந்தர் மட்டும் நின்றான், ஒரு கையில் திறப்பு, மறு கையில் முள். முன்னால் போகிறவர்களின் நடை துணியை இழுத்தது. அவள் விட்டால் நுனி சேற்றில் விழும். வாசலைத் தாண்டி அவள் ஓரடியும் வைக்கவில்லை.

"பிடியுங்கோ," என்றாள். "பேர் இல்லை. பாத்துப் பிடியுங்கோ."

அவன் முற்றத்தைப் பார்த்தான். துணி இன்னொரு சாண் இழுபட்டது. சின்ன வயதிலிருந்து இந்த முற்றத்தில் வளர்ந்த கைகள் அவை. திறப்பையும் முள்ளையும் அவளுடைய மெசின் மேசையின்மேல் வைத்துவிட்டு, செருப்பைக் காலால் உதறிவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நீட்டினான்.

தங்கமலர் நுனியை அதில் வைத்துவிட்டுக் கையை எடுத்தாள்.